புரத ஜெல்லுக்கு எது வசதி: வெள்ளியா, கூழ்நிலைக் கூமாஸியா?

சூரை, கீரி மீன்களின் தசைப் புரதங்களை எஸ்டிஎஸ் ஜெல்லில் (மின்புலத்தில் புரதங்களைப் பருமன்வாரியாகப் பட்டைகளாக்கும் ஜெல்) பிரித்துப் பார்க்கும் எங்கள் திருகோணமலை ஆய்வுகூடத்தில், சாயமூட்டுவதற்கு இப்போது கூழ்நிலைக் கூமாஸி ஜி-250 என்ற நீலச் சாயத்தையே வைத்துக்கொண்டிருக்கிறோம். உணர்திறனை மட்டும் பார்த்தால் இது விளங்காத தெரிவு: புரதப் பட்டைகளில் வெள்ளியைப் படியவைக்கும் வெள்ளிமுறை ஒரு நனோகிராம் அளவுப் புரதத்தையும் காட்டிவிடும், இதற்கு ஏறத்தாழ 10 நனோகிராம் வேண்டும். கூமாஸியின் பழைய வகையான ஆர்-250 இன்னும் பின்தங்கியது. அதன் நிறநீக்கத்துக்குப் போகும் மெதனோலையும் அசற்றிக் அமில நெடியையும் சொல்லத் தேவையில்லை.

முடிவைத் தந்தது தண்ணீர்தான். கடலோரக் கிணற்று நீரில் உப்பு கூடுதல். அதிலுள்ள குளோரைட்டு சிறிதளவு எஞ்சினாலும் வெள்ளி நைத்திரேற்றுடன் சேர்ந்து வெள்ளி குளோரைட்டாகப் படிந்து, ஜெல்லைப் புகைமூட்டமாக்கிவிடும். வெள்ளிமுறையில் கழுவல்கள் பல. ஒவ்வொன்றுக்கும் அயனகற்றிய தூய நீரே வேண்டும், உவர் நீரைத் தூய்மையாக்கும் பிசினோ விரைவில் தீர்ந்துபோகும். வெக்கையான நாளில், பட்டைகளைத் தெரியச்செய்யும் உருத்துலக்கியும் அவசரப்படுகிறது: பட்டைகள் பழுப்பாகத் தெளியும்போதே பின்னணியும் மஞ்சளாகத் தொடங்கிவிடுவதால், அதை நிறுத்தும் அசற்றிக் அமிலத்தைக் கையில் ஏந்திக்கொண்டே நிற்கவேண்டியிருக்கிறது. கையுறையின்றித் தொட்ட இடத்தில் கைரேகைகூடக் கறுத்துத் தெரியும்.

கூமாஸியில் இந்தக் கெடுபிடி இல்லை. ஆய்வாளர் கன்டியானோவின் குழுவினர் 2004 இல் வெளியிட்ட கலவையில் 0.12 சதவீதம் சாயமும், அமோனியம் சல்பேற்று, பொஸ்போரிக் அமிலம் ஆகியன 10 சதவீதம் வீதமும், மெதனோல் 20 சதவீதமும் உள்ளன. உப்பினால் சாயத்தின் பெரும்பகுதி கூழ்த்துணிக்கைகளாகத் திரண்டு ஜெல்லுக்குள் புகமுடியாமல் வெளியே நிற்க, தனித்து எஞ்சும் சிறிதளவு சாயமே உள்ளே சென்று ஆர்ஜினின், லைசின் போன்ற கார அமினோ அமிலங்களில் பற்றுகிறது; பின்னணி ஏறக்குறைய நிறமற்றிருப்பது அதனால்தான். துணிக்கைகள் போத்தலின் அடியில் தங்கும், வடிகட்டாமல் குலுக்கி ஊற்றவேண்டும். இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் சாதாரண வடித்த நீரால் கழுவினால் போதும். பட்டையை வெட்டி, புரதத்தை அடையாளங்காணும் திணிவு நிறமாலைக்கு அனுப்பவும் தடையில்லை; குளூற்றரல்டிஹைட்டு சேர்க்கும் வெள்ளிமுறைகளில் புரதம் குறுக்கே பிணைக்கப்படுவதால் அது கடினம்.

புளொரொளிர்வுச் சாயமான சைப்ரோ ரூபி, அளவிடும் வேலைக்கு இரண்டையும் விடச் சிறந்தது. ஆனால் படமெடுக்கும் கருவி வேண்டும், நான் அதைப் பிறர் கூடத்தில் சிறிதளவே கையாண்டிருப்பதால் அதன் பராமரிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லமாட்டேன். மாதிரி மிகக் குறைவாக இருந்தால் வெள்ளிக்கு மாற்றில்லை என்பதையும் மறுக்கவில்லை. அத்தகைய ஜெல்லையும் முதலில் கூமாஸியில் பார்த்துவிட்டு, நிறத்தை முழுதாக நீக்கியபின் வெள்ளியிடுகிறோம்.