ஐலண்ட் டவர்: அறைக்கு நூறு மார்க், நடைக்கு முட்டை

டிஸ்னியின் டைம்ஷேர் திட்டமான டிஸ்னி வெக்கேஷன் கிளப்பில் நான் பாயிண்ட் வைத்திருப்பது தெரிந்த நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "பாலினேஷியன்ல புதுசா கட்டின டவர்ல தங்கினீங்களாமே, எப்படி இருக்கு? பாயிண்ட் வாங்கலாமா?" அவர் கேட்டது ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் இருக்கும் பாலினேஷியன் ரிசார்ட்டின் ஐலண்ட் டவரைப் பற்றி. இது ஒரே கேள்வி என்று அவர் நினைக்கிறார். தங்குவது வேறு, வாங்குவது வேறு. இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு புகார் இருக்கிறது. அதைக் கொட்டாமல் எதற்கும் பதில் சொல்ல முடியாது.

பாயிண்ட் என்றால் என்ன, டைம்ஷேர் எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரே வரி: பணத்தை முன்பே கட்டிவிட்டு, வருடா வருடம் பராமரிப்புக் கட்டணமும் கட்டிக்கொண்டு, அறைகளைப் பாயிண்ட் கொடுத்துப் பிடிப்பது. சொந்த ரிசார்ட்டில் பதினோரு மாதம் முன்பே பதிவு செய்யலாம், மற்றவற்றில் ஏழு மாதம். அவ்வளவுதான்.

முதலில் கட்டடத்தின் முகம். 2022-இல் இதன் வரைபடம் வெளிவந்தபோது ரசிகர்கள் கொதித்தது நினைவிருக்கும். ஆஸ்பத்திரி போல இருக்கிறது, ஐ.டி. கம்பெனி போல இருக்கிறது, விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டல் போல இருக்கிறது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். 1971-இல் மேஜிக் கிங்டம் பூங்காவோடு சேர்ந்து திறந்த ரிசார்ட் இது. சாய்ந்த கூரையும் மரமும் தென்னையுமாகத் தாழ்வான லாங்ஹவுஸ்கள், அதாவது நீளவாக்கில் கட்டிய தங்கும் கட்டடங்கள். அதன் ஓரத்தில், ஸ்பிரிட் ஆஃப் அலோஹா விருந்து நிகழ்ச்சி நடந்த லுவாவ் கோவ் இருந்த இடத்தில், தட்டையான கூரையோடு ஒரு பெரிய கட்டடம் எழுந்தால் வயிறு எரியத்தானே செய்யும். எதிர்க்கட்சியும் சும்மா இருக்கவில்லை. இன்றைய ஹொனலூலுவுக்குப் போய்ப் பாருங்கள், வைக்கிக்கி கடற்கரை முழுக்க அடுக்குமாடிதான், இதுதான் உண்மையான பாலினேசியா என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை: பாலினேஷியனுக்காக முதலில் போட்ட வரைபடங்களிலேயே ஓர் உயரமான கட்டடம் இருந்தது. பிறகுதான் அதை விட்டுவிட்டு லாங்ஹவுஸுக்கு வந்தார்கள். பழைய பெருமை பேசுகிறவர்கள் இதைப் பேச மாட்டார்கள்.

ரசிகர்களின் கோபத்துக்கு வரலாறு உண்டு. 2009-இல் கான்டெம்பரரி என்ற இன்னொரு டிஸ்னி ரிசார்ட்டுக்குப் பக்கத்தில் பே லேக் டவர் வந்தபோதும் இதே கூச்சல். இன்று அங்கே அறை கிடைக்கவில்லை என்று அதே ஆட்கள் புலம்புகிறார்கள். 2014-இல் பாலினேஷியன் வரவேற்புக் கூடத்தின் நடுவிலிருந்த அருவியை எடுத்தபோது துக்கம் விசாரிக்காத குறை. அந்த அருவி விஷயத்தில் நானும் துக்கக்காரன்தான், அது வேறு கதை. டவரின் தோற்றத்தைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய வருத்தமில்லை. ஏரியில் படகில் போகும்போது கொஞ்சம் முட்டிக்கொண்டு தெரிகிறது. இரண்டாவது நாள் கண் பழகிவிடுகிறது.

அப்புறம் அறை. இங்கே நான் கஞ்சத்தனம் இல்லாமல் பாராட்ட வேண்டும். பாலினேஷியனின் கிளப் பகுதியில் 2015 முதல் இருந்தவை இரண்டே வகை: ஒரே அறை கொண்ட ஸ்டுடியோ, அல்லது தண்ணீர் மேல் கட்டிய பங்களா. ஸ்டுடியோவில் சமையல் என்று எதுவும் முடியாது, மைக்ரோவேவில் சுட வைக்கலாம். பங்களாவுக்குக் கேட்கிற பாயிண்டைப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு படுக்கையறை, இரண்டு படுக்கையறை வீடுகள் இல்லவே இல்லை. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற குடும்பம் இரண்டு ஸ்டுடியோ எடுத்து, அவை அடுத்தடுத்து அமைய வேண்டுமே என்று சாமியைக் கும்பிட வேண்டும். 2024 டிசம்பர் 17-இல் டவர் திறந்ததும் அந்தக் குறை தீர்ந்தது. இரண்டு பேருக்கான டுவோ ஸ்டுடியோ தொடங்கி மேலே பென்ட்ஹவுஸ் வரை எல்லா அளவும் இருக்கிறது.

நாங்கள் எடுத்தது ஒரு படுக்கையறை. பாயிண்ட் கிட்டத்தட்ட ஸ்டுடியோவைப் போல இரு மடங்கு. அதற்கு என்ன கிடைக்கிறது என்றால், அறைக்குள்ளேயே துணி துவைக்கும் இயந்திரமும் உலர்த்தியும். ஃபுளோரிடாவின் கோடையில் போனவர்களுக்கு இதன் அருமை புரியும். மதியம் வரை வெயில் மண்டையைப் பிளக்கும், மூன்று மணிக்குக் கொட்டித் தீர்க்கும். பூங்காவிலிருந்து ஈரக் காலுறையோடு திரும்பி, எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு, குளித்து வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் அழுக்குத் துணி இல்லை. இந்த ஒன்றுக்காகவே என் மனைவி இந்தக் கட்டடத்துக்குக் கோவில் கட்டுவாள்.

முழுச் சமையலறையும் உண்டு. அடுப்பு, ஓவன், பாத்திரம் கழுவும் இயந்திரம், ஆள் உயரக் குளிர்பெட்டி. கூட வந்திருந்த மாமியார் அதைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டார். "அடுப்பு இருக்கிற ரூம்ல இருந்துக்கிட்டு எதுக்கு மாப்பிள்ளை வெளியில சாப்பிட்டுக் காசைக் கரைக்கணும்?" பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. காலையில் தயிர்சாதமும் எலுமிச்சைச் சாதமும் டப்பாவில் கட்டியாகிவிட்டது. பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம், தடையில்லை. சைவக்காரர்கள் இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

ராத்திரி பால்கனியில் நின்றால் ஏரியில் எலெக்ட்ரிக்கல் வாட்டர் பேஜன்ட் போகிறது. பாம்பும் திமிங்கிலமும் ஆமையுமாக விளக்குகள் மிதந்து வருகிற ஊர்வலம், 1971 முதல் நடக்கிறது. வாணவேடிக்கையும் தெரியும், நல்ல காட்சி உள்ள அறைக்குக் கூடுதல் பாயிண்ட். சரி, பாராட்டு போதும்.

இப்போது புகார். மோனோரயில்.

பாலினேஷியனில் தங்க ஆசைப்படுகிற பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் ஒன்பது பேர் மோனோரயில் என்பார்கள். ரிசார்ட்டின் மையக் கட்டடமான கிரேட் செரிமோனியல் ஹவுஸின் மாடியிலேயே ஸ்டேஷன். ஓஹானா, கோனா கஃபே, கேப்டன் குக்ஸ் என்ற சாப்பாட்டு இடங்கள் எல்லாம் அதே கட்டடம். வரவேற்புக் கூடத்தில் ஒரு வாசனை வரும். அந்த வாசனைக்காகவே அதே மாதிரி மெழுகுவத்தி வாங்கி வீட்டில் ஏற்றிவைக்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். பாலினேஷியனின் உயிர் அங்கேதான். டவர் இருப்பதோ வளாகத்தின் மேற்கு ஓரம், பக்கத்து ரிசார்ட்டான கிராண்ட் ஃபுளோரிடியனை ஒட்டி. மோனோரயில் பக்கத்திலேயே போகிறது. நிற்காது. ஏற வேண்டுமென்றால் லாங்ஹவுஸ்களைக் கடந்து நடந்து வர வேண்டும். இன்னொரு பூங்காவான எப்காட்டுக்குப் போக, ரயில் மாறும் போக்குவரத்து மையம் கிழக்குக் கோடியில். பழைய ஸ்டுடியோக்கள் இருக்கும் மூரியாவிலிருந்தும் பாகோ பாகோவிலிருந்தும் அது கூப்பிடு தூரம். டவரிலிருந்து வளாகத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அளந்தாக வேண்டும்.

நாள் முழுக்கப் பூங்காவில் நடந்து கால் வீங்கியவனுக்கு இந்தக் கடைசி நடைதான் கணக்கு. எப்காட் முடிந்து, மையத்தில் இறங்கி, தூங்கிவிட்ட பிள்ளையை வண்டியில் தள்ளிக்கொண்டு, முழங்கால் வலிக்கிற மாமியாரை ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நடக்கும்போது, வழியில் டோக்கலாவ் லாங்ஹவுஸின் கதவு திறந்து யாரோ ஒருவர் ஐந்தே நிமிடத்தில் உள்ளே போய்ப் படுப்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவரும் அதே பாயிண்ட்தான் வைத்திருக்கிறார். எரிச்சல் வராதா? பைனாப்பிள் லனாய் கடையில் வாங்கிய டோல் விப் என்ற அன்னாசி ஐஸ்கிரீமை அறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடலாம் என்று யாராவது திட்டம் போட்டால் கைவிடுங்கள். ஜூலை மாதத்தில் அது பாதி வழியில் பானகம்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. மேஜிக் கிங்டத்துக்குப் போக இந்த இடம் மோசமில்லை, சொல்லப்போனால் நல்ல இடம். கிராண்ட் ஃபுளோரிடியன் வழியாகப் பூங்கா வாசல் வரை நடைபாதை இருக்கிறது. சாவகாசமாக நடந்தாலும் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். ராத்திரி திரும்பும்போது மோனோரயில் மேஜிக் கிங்டத்திலிருந்து கான்டெம்பரரி போய், மையத்துக்குப் போய், அதற்கப்புறம்தான் பாலினேஷியன் வருகிறது. கூட்டத்தில் வரிசையும் நிற்க வேண்டும். நடந்தவன் அதற்குள் வீட்டில் இருப்பான். இதைச் சொல்லித்தான் டவர் கட்சிக்காரர்கள் என் வாயை அடைக்கிறார்கள். ஆனால் நடந்தே போவதென்றால் மோனோரயில் ரிசார்ட் என்று எதற்குப் பாயிண்ட் கொடுக்கிறேன்?

வாங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். டவர் வருவதற்கு முன் எல்லோருக்கும் இருந்த பயம், இதைத் தனி உரிமையாளர் சங்கமாக்கிவிடுவார்களோ என்பது. கிளப்பின் இன்னொரு ரிசார்ட்டான ரிவியேராவில் அப்படித்தான் ஆயிற்று: அங்கே மறுவிற்பனையில், அதாவது பழைய உறுப்பினரிடமிருந்து, வாங்கியவர் ரிவியேராவில் மட்டுமே தங்கலாம். டிஸ்னிலாந்து ஓட்டலின் புது வில்லாக்களிலும் அதே கதை. நல்லவேளையாக ஐலண்ட் டவரைப் பழைய பாலினேஷியன் சங்கத்தோடேயே சேர்த்துவிட்டார்கள். அதனால் பழைய ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கும் டவரில் பதினோரு மாத உரிமை உண்டு. புதிதாக வாங்குபவர் பழைய ஸ்டுடியோக்களுக்கும் போட்டிக்கு வருவார். எல்லோருக்கும் 2066 ஜனவரியோடு ஒப்பந்தம் முடிகிறது. மறுவிற்பனையில் விலை கணிசமாகக் குறைவு. 2019 ஜனவரி 19-க்குப் பிறகு மறுவிற்பனையில் வாங்கியவர்களுக்கு ரிவியேரா போன்ற புது ரிசார்ட்டுகள் கிடையாது, உறுப்பினர் சலுகைகளும் கிடையாது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றால் நேரடியாக வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. நண்பரிடம் நான் சொன்னது: முதலில் யாராவது உறுப்பினரிடம் பாயிண்டை வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பாருங்கள். பராமரிப்புக் கட்டணம் என்பது நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் வரும், பெரும்பாலும் ஏறிக்கொண்டேதான் வரும்.

என் விஷயத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் டவர்தான் ஜெயிக்கிறது. சமையலறை, துணி இயந்திரம், பால்கனி, புதுக் கட்டடத்தின் சுத்தம். ஆனாலும் அடுத்த தடவைக்கு நான் குறி வைத்திருப்பது பழைய ஸ்டுடியோ. அதில் இரண்டு குளியல் அறைகள்: ஒன்றில் கழிப்பறையும் தொட்டியும், இன்னொன்றில் தனி ஷவரும் வாஷ்பேசினும். காலை ஏழு மணிக்கு நான்கு பேர் கிளம்புகிற குடும்பத்தில் அந்த இரண்டாவது ஷவர் எவ்வளவு சண்டையைத் தவிர்க்கிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கதவைத் திறந்தால் மணல், தென்னை, ஐந்து நிமிடத்தில் எப்காட் ரயில். எந்தக் கட்டடம் வேண்டும் என்பதை வேண்டுகோளாகத்தான் வைக்கலாம், உத்தரவாதம் தர மாட்டார்கள். மூரியா கேட்டிருக்கிறேன்.

இதற்கிடையில் வில்டர்னஸ் லாட்ஜ், ஃபோர்ட் வில்டர்னஸ் என்ற டிஸ்னி ரிசார்ட்டுகளுக்கு நடுவே, பழைய ரிவர் கன்ட்ரி நீர்ப்பூங்கா இருந்த பக்கத்தில், லேக்ஷோர் லாட்ஜ் என்ற புது கிளப் ரிசார்ட் எழுந்துகொண்டிருக்கிறது. அதன் ஜன்னலும் நிறமும் சரியில்லை என்று சண்டை ஏற்கெனவே ஆரம்பமாகிவிட்டது. அங்கேயும் மோனோரயில் கிடையாது. ஆனால் அந்தக் கட்டடம் தன்னை மோனோரயில் ரிசார்ட் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. என் சண்டை இப்போதைக்கு ஐலண்ட் டவரோடு மட்டும்தான். மாமியார் கூட வந்தால் மறுபடியும் அங்கேதான் தங்க வேண்டியிருக்கும், அதில் எனக்கு ஓட்டுரிமை இல்லை.