பார்வையில்லாதவர்களுக்கான செஸ் போர்டும் போனில் நடக்கும் ஒரு வகுப்பும்: வாங்கலாமா, சேரலாமா?

முதலில் போர்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், காசு அதிகம் போனது அதற்குத்தான். எனக்குப் பார்வை முழுவதுமாக இல்லை, செஸ் போட்டிகளின் கணக்கில் பி1 பிரிவு. அதனால் ஆன்லைன் படத்தில் போர்டு எப்படி இருக்கிறது, நிறம் ஒத்துப்போகிறதா என்பதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை. கைக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன். வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம் என்று முகவரி இருப்பதால் கூரியர்காரர் மலையாளத்தில் ஆரம்பித்தார், நான் தமிழில் வழி சொன்னதும் "அட, நம்மாளா, முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா" என்று அவரும் தமிழுக்கு வந்துவிட்டார். சொன்ன தேதிக்கு வந்தது, எதுவும் உடையவில்லை. டெலிவரியில் குறை இல்லை.

இந்த மாதிரி போர்டைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்காக: கறுப்புக் கட்டங்கள் வெள்ளையைவிடச் சற்று மேடாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு துளை, ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு முளை. காயைச் செருகிவிட்டால் போர்டு முழுக்கத் தடவினாலும் சாயாது. கறுப்புக் காய்களின் உச்சியில் சின்னதாக ஒரு புள்ளி துருத்திக்கொண்டிருக்கும், வெள்ளைக்கு இருக்காது. இதெல்லாம் கடைக்காரர் யோசித்துச் செய்தது இல்லை. ஃபிடே என்ற சர்வதேச செஸ் கூட்டமைப்பின் விதிகளின் பின்னிணைப்பில் பார்வையற்றவர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, அதில் போர்டு குறைந்தது 20 செ.மீ.க்கு 20 செ.மீ. இருக்க வேண்டும், கறுப்புக் கட்டம் உயர்ந்திருக்க வேண்டும், துளை வேண்டும், முளை வேண்டும், கறுப்புக் காய்க்குத் தனி அடையாளம் வேண்டும் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. நான் வாங்கியது 25 செ.மீ. வரும், மடியில் வைத்து ஆடவும் சரியாக இருக்கிறது.

ஆனால் அளவைவிட முக்கியம் முளை துளைக்குள் எப்படி உட்காருகிறது என்பது, இந்தப் போர்டு அங்கேதான் சொதப்புகிறது. ஒரு ஓரத்து வரிசைகளில் துளை இறுக்கம், சிப்பாயைப் பிடுங்க ஒரு கையால் போர்டை அழுத்திக்கொள்ள வேண்டும். மறு ஓரத்தில் தொளதொளவென்று இருக்கிறது. இறுக்கம்கூடப் பரவாயில்லை, நேரம்தான் போகும். தொளதொளப்பு ஆட்டத்தையே கெடுக்கும். ஏனென்றால் நமக்குத் தடவுவதுதான் பார்ப்பது, அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் தடவலாம், காய் துளையை விட்டு வெளியே வந்தால்தான் அது "தொட்ட காய்" என்பது விதி. இங்கே யானை வரிசையைத் தடவும்போதே சிப்பாய் விரலோடு கிளம்பி வந்துவிடுகிறது. எட்டாவது படிக்கும் அக்கா மகனுக்கு அதுதான் கொண்டாட்டம், "மாமா, கையோட வந்துருச்சு, இப்ப அதைத்தான் ஆடணும்" என்பான். அவன் சொல்வது விதிப்படி சரியும்கூட. கடைசியில் தொளதொள முளைகளுக்கு செல்லோடேப் ஒரு சுற்று, இறுகிய முளைகளுக்கு உப்புத்தாள் போட்டு இரண்டு தேய்ப்பு என்று நானே சரிசெய்துகொண்டேன். இப்போது நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு உப்புத்தாள் வேலையையும் நம் தலையில் கட்டுவது கொஞ்சம் அதிகம்.

காய்களில் ராஜா, ராணி, குதிரை, யானை எல்லாம் தொட்ட உடனே தெரிகிறது, குதிரையின் பிடரி அருமையாக வந்திருக்கிறது. மந்திரிக்கும் சிப்பாய்க்கும்தான் உயரத்தைத் தவிர வித்தியாசம் போதவில்லை. மந்திரியின் தலையில் இருக்க வேண்டிய அந்தச் சாய்ந்த வெட்டு, பெயிண்ட் அடித்ததில் அடைந்துபோயிருக்கிறது, நகத்தால் கீறினால்தான் தெரியும். ஓரத்தில் பிரெயில் எழுத்து எதுவும் இல்லை. பழகியவர்களுக்குத் தேவைப்படாது, புதிதாகக் கற்கும் குழந்தைக்கு நிச்சயம் வேண்டும். போர்டுக்கு ஐந்துக்கு மூன்று.

அடுத்தது வகுப்பு. இதற்கு முன்னால் வேறொரு ஆன்லைன் பயிற்சியில் பணம் கட்டிச் சேர்ந்திருந்தேன், பெயர் வேண்டாம். சேரும்போதே என் நிலைமையைச் சொல்லித்தான் சேர்ந்தேன், அதெல்லாம் பார்த்துக்கலாம் சார் என்றார்கள். வகுப்பு தொடங்கினால் ஸ்கிரீன் ஷேர், அதில் அம்புக்குறி, "இந்தக் குதிரை இங்க வந்தா அந்தச் சிப்பாய் காலி, பாத்தீங்களா?" எங்கே சார் என்று கேட்டால் கொஞ்ச நேரம் கட்டத்தின் பெயரைச் சொல்வார், அப்புறம் பழையபடி இங்க, அங்க, இது, அது. அனுப்பிய பாடங்களைத் திறந்தால், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் "படம், படம், படம்" என்று வாசித்துவிட்டு நின்றுவிடும். நல்ல ஆட்டக்காரர்தான், சொல்லித்தர மனமும் இருந்தது, ஆனால் கையில் மவுஸ் இருந்தால் வாய்க்குச் சோம்பல் வந்துவிடுகிறது. பாதியில் விட்டேன். பணம் திரும்பவில்லை.

இப்போது இருக்கும் வகுப்பு பாலக்காட்டிலிருந்து ஒரு மாஷ் (மலையாளத்தில் ஆசிரியர்) நடத்துவது. அவருக்கும் பார்வை இல்லை, போட்டிகளில் ஆடியவர். வீடியோ கிடையாது, ஆப் கிடையாது, சாதாரண கான்ஃபரன்ஸ் கால், மாதம் 300 ரூபாய். அவர் மடியில் ஒரு போர்டு, நம் மடியில் ஒரு போர்டு. பாதி மலையாளம், பாதி தமிழ். சித்தூர்த் தாலுகாவில் இருந்து மட்டுமில்லை, பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள், ஆகவே இரண்டு மொழியும் ஓடும்.

இதில்தான் ஆரம்பத்தில் பெரிய கூத்து. நமக்கு யானை என்றால் மூலையில் நிற்பது. மலையாளத்துக்காரர்களுக்கு மூலையில் நிற்பது தேர், ஆன என்றால் குறுக்கே போகும் காய். நம் மந்திரி குறுக்கே போவார், அவர்கள் மந்திரி என்று சொல்வது ராணியை. மாஷ் "மந்திரி டேவிட் நாலு" என்று சொன்னால் ஒரு பாதி ஆட்கள் ராணியைச் செருகுவார்கள், மறு பாதி குறுக்குக் காயைச் செருகுவார்கள். பார்வை உள்ளவர்கள் வகுப்பாக இருந்தால் அடுத்த நொடி யாராவது எட்டிப் பார்த்துத் திருத்திவிடுவார்கள், இங்கே பத்து நிமிடம் கழித்து ஒருவர் "மாஷே, இதுல எப்படி மேட் ஆகும்?" என்று கேட்கும்போதுதான் வெளியே வரும். மாஷ் அந்த மூன்று காய்களுக்கு மட்டும் குயீன், ரூக், பிஷப் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ராஜாவும் குதிரையும் இரு பக்கமும் ஒன்றுதான், தகராறு இல்லை.

டேவிட் யார் என்று கேட்பீர்கள். போனில் பி, சி, டி, ஈ, ஜி எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும், அதிலும் எங்கள் ஊர் டவர் புண்ணியத்தில் சுத்தம். அதற்காக சர்வதேச விதியிலேயே ஏ முதல் ஹெச் வரை எழுத்தால் குறிக்கப்படும் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஆள் பெயர் கொடுத்திருக்கிறார்கள்: அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர். போட்டியில் நகர்த்தும் இருவரும் வாயால் சொல்ல வேண்டும், எதிராளி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தன் போர்டில் அந்தக் காயை நகர்த்துவார். மாஷ் முதல் நாளிலிருந்தே அப்படித்தான் பழக்குகிறார், திருப்பிச் சொல்லாவிட்டால் அடுத்த நகர்த்தலுக்குப் போக மாட்டார்.

பாடம் சொல்லும் முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. போர்டைத் தொடாமலே முதலில் கேள்விகள். ஃபெலிக்ஸ் மூன்று கறுப்பா வெள்ளையா? எழுத்து ஏ-யிலிருந்து எத்தனையாவது என்பதையும் கட்டத்தின் எண்ணையும் கூட்டு, இரட்டைப்படை என்றால் கறுப்பு, ஒற்றைப்படை என்றால் வெள்ளை. ஃபெலிக்ஸ் ஆறாவது எழுத்து, ஆறும் மூன்றும் ஒன்பது, வெள்ளை. அங்கே நிற்கும் குதிரை எந்தெந்தக் கட்டத்துக்குப் போகும், எட்டையும் சொல்லு. சீசர் ஒன்றில் நிற்கும் பிஷப் ஹெக்டர் பக்கம் போனால் எங்கே முட்டும்? ஹெக்டர் ஆறு. சமையல் செய்துகொண்டே பதில் சொல்லும் அம்மா ஒருவர் வகுப்பில் இருக்கிறார், அவரை மிஞ்ச ஆள் இல்லை.

ஓப்பனிங்கில் அவர் ஆரம்பிப்பதே இல்லை, முடிவாட்டத்தில்தான் ஆரம்பிக்கிறார். காரணம் சுலபம்: முப்பத்திரண்டு காயை எல்லோரும் செருகி முடிக்கவே கால் மணி நேரம் ஆகும், ஒரு சிப்பாய் முடிவாட்டத்துக்கு மூன்றே காய். வெள்ளை ராஜா ஈவா ஆறு, வெள்ளைச் சிப்பாய் ஈவா ஐந்து, கறுப்பு ராஜா ஈவா எட்டு. ஒவ்வொருவரும் "ஆச்சு" என்று சொல்லும்வரை காத்திருப்பார். அப்புறம் கேள்வி: யார் நகர்த்த வேண்டிய முறையாக இருந்தாலும் வெள்ளைதான் ஜெயிக்கும், ஏன்? இதை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தபோதுதான் ராஜா சிப்பாய்க்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது. பார்வை உள்ளவர்களுக்கும் இந்த வரிசையில் சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போகாது என்று நினைக்கிறேன். நிலையை வாசிப்பதிலும் ஒழுங்கு மாறாது: வெள்ளை முதலில், ராஜா, குயீன், ரூக், பிஷப், குதிரை, கடைசியில் சிப்பாய்கள் அன்னாவிலிருந்து ஹெக்டர் வரை.

குறைகள் இருக்கின்றன. ஆட்டம் சூடு பிடித்தால் மாஷின் மலையாளம் ஓட்டம் எடுக்கும், தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் பின்தங்கிவிடுவார்கள், நிறுத்திக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ரெக்கார்டிங் தர மாட்டேன் என்கிறார், ஏன் என்று புரியவில்லை, நாம்தான் போனில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இன்னொன்று கொஞ்சம் பெரிய குறை. வகுப்பில் பி2, பி3 பிள்ளைகளும் இருக்கிறார்கள், மிச்சம் இருக்கும் பார்வையால் பெரிய கட்டமும் அழுத்தமான நிறமும் உள்ள போர்டை நன்றாகவே பார்க்கக்கூடியவர்கள். அவர்களையும் தடவித்தான் ஆட வேண்டும் என்று மாஷ் பிடிவாதமாக இருக்கிறார். அந்தப் பிள்ளைகளுக்கு இது வேகத்தைக் குறைக்கிறது. எனக்குச் சொன்ன வழி அவர்களுக்கும் சரி என்று எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? இதனால்தான் ஐந்துக்கு நான்கு.

வகுப்பு இல்லாத நாட்களில் லிசெஸ் என்ற செஸ் இணையதளம். இலவசம், விளம்பரமும் இல்லை. பக்கத்தின் உச்சியில் ஸ்கிரீன் ரீடருக்கு மட்டும் கேட்கிற ஒரு இணைப்பு இருக்கிறது, அதை அழுத்தினால் படம் போய் எல்லாம் எழுத்தாக மாறிவிடும். நகர்த்தலை டைப் செய்யலாம். பி (p) என்ற எழுத்தை அடித்து இடைவெளி விட்டு ஒரு காயின் எழுத்தைக் கொடுத்தால் அந்தக் காய்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று சொல்லும், பெரிய எழுத்து வெள்ளைக்கு, சின்ன எழுத்து கறுப்புக்கு. எஸ் அடித்து ஒரு வரிசையைக் கொடுத்தால் அந்த வரிசையை வாசிக்கும். சி அடித்தால் கடிகாரம். நகர்த்தலை எப்படி வாசிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் அன்னா, பெல்லா முறையும் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் மாஷ் வகுப்பும் இதுவும் ஒரே பாஷை. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரோடு நன்றாக ஓடுகிறது. ஒன்று மட்டும், தமிழ்க் குரலை வைத்துக்கொண்டு இதில் ஆடாதீர்கள், நகர்த்தல் எழுத்துகளைக் கடித்துக் குதறும், ஆங்கிலக் குரலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று நிமிட ஆட்டமெல்லாம் நமக்கு ஆகாது, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிடும்.

வீட்டில் பார்வையில்லாத பிள்ளை இருந்து, செஸ் எல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால் ஒன்று சொல்லுங்கள். 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடுக்குத் தமிழ்நாடே "தம்பி" குதிரைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தது. அதற்குப் பத்து ஆண்டு முன்னால், 2012இல், பார்வையற்றோர் செஸ் ஒலிம்பியாட் சென்னையிலேயே நடந்தது, எத்தனை பேருக்குத் தெரியும்? 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் பி1 பிரிவில் வதோதராவைச் சேர்ந்த தர்பன் இனானி தங்கம் வாங்கினார். பார்வை உள்ளவரோடு ஆடும்போதும் நமக்கென்று தனிச் சலுகை ஆட்டம் இல்லை, இரண்டு போர்டு, வாயால் நகர்த்தலைச் சொல்வது, முக்கியமான வித்தியாசம் அவ்வளவுதான்.

சேருவதாக இருந்தால் போர்டு கைக்கு வந்து, முளைகளைச் சரிபார்த்த பிறகு சேருங்கள். மாஷ் முதல் வகுப்பிலேயே காய் செருகச் சொல்லிவிடுவார், போர்டு வரவில்லை என்றால் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம், ஆனால் கட்டணம் கட்டணம்தான். போர்டு வாங்கும்போது கூடுதலாக இரண்டு சிப்பாய் கேட்டு வாங்குங்கள், கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் தர மாட்டார்கள்.