வேம் தூள்: வாழைக்கு வாங்கலாம், வயலுக்கு வேண்டாம்

குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்து உரக்கடைகளில் ‘வேம்’ என்று கேட்டால், வெர்மிகுலைட் என்ற தாதுத் தூளில் கலந்த, லேசாக மினுங்கும் பழுப்புத் தூளைத் தருவார்கள். வேருக்குள் புகுந்து வாழும் வேர் உட்பூசணம் (VAM) அது. உரம் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) வேருக்குக் கொண்டுவரும் உயிர் இது. தழைச்சத்தும் (நைட்ரஜனும்) தரும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம், அது ரைசோபியம், அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியாக்கள் செய்கிற வேலை.

மலையோரச் செம்மண்ணும் சரளையும் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை உள்ளவை. போடுகிற மணிச்சத்தில் பெரும்பங்கை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். வேரை ஒட்டி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பது தீர்ந்ததும் செடி திண்டாடும். பூசண இழை வேர்த்தூவியைவிட மெல்லியது; பல சென்டிமீட்டர் தாண்டிப் போய் மணிச்சத்தும் துத்தநாகமும் எடுத்து வரும். கூலி, இலை தயாரிக்கும் சர்க்கரையும் கொழுப்பும். அதனால்தான் மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும் மண்ணில் செடி இதை அதிகம் உள்ளே விடாது. சூப்பர் பாஸ்பேட்டை அதே குழியில் கொட்டிவிட்டு வேம் போடுவது வீண்செலவு.

நாற்றங்காலுக்குச் சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்கு 2–3 செ.மீ. கீழே. பாலித்தீன் பைக்கு 5 முதல் 10 கிராம், நடும் கன்றுக்கு 20. நிற்கும் மரத்துக்கு 200 கிராம் என்பார்கள். வேரைத் தொடாமல் மேலே தூவினால் அத்தனையும் போச்சு. தூள் வேரில் பட வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். நேந்திரன், மட்டி வாழைக் கன்றுகளை வாடல் நோய்க்குக் கார்பெண்டசிம் கரைசலில் முக்கி உடனே வேம் இடுவோர் உண்டு. பூசணக்கொல்லி நல்ல பூசணத்தையும் கொல்லும், இரண்டில் ஒன்றுதான்.

முட்டைக்கோஸ், கடுகு, கீரைத்தண்டு வேர்களில் இது ஒட்டாது. தண்ணீர் நிற்கும் கன்னிப்பூ, கும்பப்பூ நெல் வயலிலும் பலன் குறைவு. மரச்சீனி (மரவள்ளி), மிளகு, கிராம்பு நாற்றுக்குத் தாராளமாகப் போடலாம்.

உயிருள்ள வேரில் மட்டுமே வளரும் பூசணம் என்பதால், பெரும்பாலும் மக்காச்சோளம் போன்ற செடிகளில் வளர்த்தே தயாரிக்கிறார்கள். உள்ளே இருப்பது உயிர், ஆகவே பையில் தயாரிப்புத் தேதி பாருங்கள். தகரக் கூரைக்கடியில், பூச்சிமருந்தோடு அடுக்கிய பையைத் தொடாதீர்கள். வேரில் வெள்ளை நூல் தெரிந்தால் வேம் பிடித்துவிட்டது என்று சிலர் காட்டுவார்கள். அது வேறு பூசணம். இதைப் பார்க்க வேருக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைக்க வேண்டும்.