குதிரைப் பந்தயத்துக்கு எந்த பைனாகுலர்? மகாலட்சுமி ரேஸ் கோர்ஸை வைத்து ஒரு அலசல்

கடைக்குள் நுழைந்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை எக்ஸ்?", அதாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. ரேஸ் பார்க்கப் போகிறவர் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது. ஆயிரம் மீட்டர் தள்ளி எத்தனை மீட்டர் அகலம் கண்ணுக்குத் தெரியும் என்ற கணக்கு அது. பைனாகுலர் உடம்பிலேயே 140 மீ/1000 மீ என்றோ 8.0 டிகிரி என்றோ அச்சடித்திருப்பார்கள். டிகிரியை 17.5 ஆல் பெருக்கினால் மீட்டர் கிடைக்கும். ஆயிரம் கெஜத்துக்கு 420 அடி என்று போட்டிருந்தால் மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள்.

மும்பை மகாலட்சுமியில் ஒரு முழுச் சுற்று 2400 மீட்டர். 1200 மீட்டர் ரேஸ் என்றால் எதிர்ப்பக்கத்தில் கிளம்புகிறது. ஸ்டாண்டிலிருந்து அரை கிலோமீட்டர் வாக்கில் என்று வைத்துக்கொண்டால், 140 மீட்டர் பைனாகுலரில் அங்கே 70 மீட்டர் அகலம் தெரியும். ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம், சுமார் இரண்டரை மீட்டர். முன்னால் ஓடும் குதிரைக்கும் கடைசிக் குதிரைக்கும் இருபது லெங்த் இடைவெளி விழுந்தாலும் மொத்தக் கூட்டமும் ஒரே வட்டத்துக்குள் அடங்கும். சட்டைப் பையில் வைக்கும் 10×25 (பத்து மடங்கு பெருக்கம், 25 மி.மீ. முன்கண்ணாடி) ரகங்களில் பல 90 மீட்டருக்குப் பக்கத்தில்தான் காட்டும். அதே தூரத்தில் அது 45 மீட்டர். பின்னாலிருந்து மேலேறி வரும் குதிரை படத்துக்கு வெளியே போய்விடும், நீங்கள் லீடரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நொடிக்கு 17 மீட்டர் ஓடும் குதிரையைத் தொலைத்துவிட்டு மறுபடி தேடிப் பிடிப்பதற்குள் பெண்ட் (ஓடுபாதையின் வளைவு) முடிந்துவிடும்.

அதனால் ரேஸுக்கு 8 எக்ஸ் போதும், 7 எக்ஸும் நல்ல தேர்வு. பத்துக்கு மேல் போகவே வேண்டாம். பெரிதாக்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். பிப்ரவரி, மார்ச் மதியங்களில் புல்தரையிலிருந்து எழும் கானல் அலையும் அப்படித்தான். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் ஃபோகஸ். தூரத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டு 50 மீட்டர் பக்கத்தில் வரும் பொருளைப் பார்க்கும்போது, கண் ஈடுகட்ட வேண்டிய அளவு பெருக்கத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது: 7 எக்ஸில் சுமார் 1 டயாப்டர் (மூக்குக் கண்ணாடியின் 'பவர்' அளக்கும் அலகு), 8 எக்ஸில் 1.3, 10 எக்ஸில் 2. இருபது வயதுக் கண் இதைத் தானாகச் சமாளிக்கும். நாற்பத்தைந்தைத் தாண்டியவர் சக்கரத்தைத் திருப்பியே ஆக வேண்டும், அதுவும் கடைசி இரண்டு ஃபர்லாங்கில் (சுமார் 400 மீட்டர்). ஃபோகஸ் சக்கரமே இல்லாத 'ஃபோகஸ் ஃப்ரீ' ரகங்கள் இந்த வேலை முழுவதையும் உங்கள் கண் தலையிலேயே கட்டுகின்றன. சாளேசுரம் (வெள்ளெழுத்து) வந்தவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண் பக்கத்துக் கண்ணாடியில் தெரியும் ஒளி வட்டத்தின் அளவு வரும். 8×42 க்கு 5.25 மி.மீ., 10×25 க்கு 2.5. பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி இரண்டு மூன்று மி.மீ. தான் திறந்திருக்கும், ஆகவே வெளிச்சத்துக்கு 2.5 போதும். ஆனால் குதிரையோடு சேர்ந்து உடம்பைத் திருப்பும்போது கண் சற்று விலகினாலே சின்ன வட்டம் கறுத்துப் போகும். 5 மி.மீ. வட்டத்தில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது.

இனி மாடல்கள். நிகான் அக்குலான் ஏ211 வரிசையில் 8×42 க்கு 8 டிகிரி, 7×35 க்கு 9.3 டிகிரி. கொடுக்கும் பணத்துக்கு இவ்வளவு அகலம் கிடைப்பது அபூர்வம். ரேஸுக்கென்றே ஒன்று வாங்குகிறீர்களா, எங்கள் முதல் பரிந்துரை இதுதான். இரண்டு குறைகளைத் தெரிந்தே வாங்குங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் விடும் இடைவெளி சுமார் 12 மி.மீ. தான், மூக்குக் கண்ணாடி போட்டவருக்கு ஓரங்கள் வெட்டுப்படும். தண்ணீர் புகாத கட்டுமானமும் இல்லை. ஜூலை முதல் அக்டோபர் வரை மழையில் புனே ரேஸுக்கும் போகிறவர்களுக்கு நிகான் ப்ரோஸ்டாஃப் பி3 8×42 சரி: உள்ளே நைட்ரஜன் அடைத்தது, மூக்குக் கண்ணாடியோடு பார்க்கலாம், எடையும் குறைவு. அகலம் மட்டும் 7.2 டிகிரிக்கு இறங்குகிறது. பணம் தடையில்லை என்றால் மோனார்க் எம்7 8×30: அரை கிலோவுக்கும் குறைந்த எடையில் 8.3 டிகிரி. ஆறேழு ரேஸ் முழுக்கக் கழுத்தில் தொங்கப்போவது 755 கிராமா 465 கிராமா என்பது சாயங்காலம்தான் உறைக்கும்.

கேனன் 10×30 ஐஎஸ் போன்ற நடுக்கம் தணிக்கும் ரகம் நின்ற இடத்தைப் பார்க்க அருமை. ஸ்டார்ட்டிங் கேட்டில் எந்தக் குதிரை முரண்டு பிடிக்கிறது என்பதைக் கல்லில் வைத்தது போலக் காட்டும். ஓடும் குதிரையைத் தொடரும்போது பொத்தானை விட்டுவிடுவது நல்லது. திருப்பும் அசைவையும் அது ஓரளவு தடுக்கப் பார்ப்பதால் படம் இழுபடும். அகலம் 6 டிகிரிதான். விலையையும் சேர்த்துப் பார்த்தால் ரேஸுக்கு இது இரண்டாவது பைனாகுலராக இருக்கலாம், முதலாவதாக வேண்டாம்.

நடைபாதையிலும் ஆன்லைனிலும் '30×60' என்று விற்பதை எப்படித் தள்ளுவது? அதிலேயே 126 மீ/1000 மீ என்றும் போட்டிருக்கும். 126 மீட்டர் என்றால் 7.2 டிகிரி. அதை 30 ஆல் பெருக்கினால் 216. இந்தப் பெருக்குத்தொகை வழக்கமாக 50 முதல் 65 வரைதான் வரும், எழுபதைத் தாண்டுவதே அரிது. இரண்டு எண்ணில் ஒன்றாவது பொய். சிவப்புப் பூச்சு மினுங்கும் கண்ணாடியும் வேண்டாம். சிவப்பு ஒளியை அது திருப்பி அனுப்பிவிடுவதால் படம் பச்சை நீலமாகத் தெரியும். ஜாக்கியின் சட்டை நிறத்தையும் தொப்பியையும் வைத்துக் குதிரையை அடையாளம் காணும் ஆட்டத்தில், மெரூனும் பழுப்பும் ஒன்றாகிவிட்டால் அந்தக் கருவி எதற்கு? ஸூம் ரகங்களில் குறைந்த பெருக்கத்திலேயே அகலம் சுருங்கிவிடும், அதையும் விடுங்கள்.

ஃபோர்ட் போரா பஜார் பக்கத்துக் கேமரா கடைகளில் வாங்கினால் தெருவுக்கு எடுத்துவந்து பார்க்கக் கேளுங்கள். முதலில் பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கித் திருப்பி, ஒளி வட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் சதுரமாக வெட்டியிருந்தால் பிரிஸத்தில் சிக்கனம் செய்திருக்கிறார்கள். அடுத்து எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடிக் கைப்பிடியைப் பாருங்கள். பார்த்துக்கொண்டே பைனாகுலரை மெல்லக் கண்ணிலிருந்து ஓர் அங்குலம் விலக்கும்போது கோடு இரண்டாகப் பிரிந்தால் இரு குழல்களும் ஒரே திசையில் இல்லை. அரை மணியில் தலைவலி வரும், வாங்காதீர்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டியது: வலது முன்கண்ணாடியை மூடி, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வளையத்தை மட்டும் திருப்புங்கள். வளையம் நின்ற இடத்தில் ஒரு அடையாளம் போட்டுவையுங்கள். ரேஸில் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடுப்பிலிருந்து திரும்புங்கள். லீடரை வட்டத்தின் முன் ஓரத்தில் வைத்தால் பின்னால் வருவதெல்லாம் தெரியும். குதிரைகள் 60 மீட்டருக்குள் வந்ததும் பைனாகுலரை இறக்கிவிடுங்கள். அந்தத் தூரத்தில் தெரிவது 8.4 மீட்டர், அதாவது மூன்றரை லெங்த்தான். வின்னிங் போஸ்ட்டை வெறுங்கண்ணால் பார்ப்பதே சரி.

வான்கடேயில் கிரிக்கெட் பார்க்கவும் இதே கணக்குதான். பக்கவாட்டு ஸ்டாண்டில் நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 8 டிகிரியில் 14 மீட்டர் தெரியும், பிட்ச்சோ 20 மீட்டர். பௌலரையும் பேட்ஸ்மேனையும் சேர்த்துக் காட்டாது. 7×35 இல் 16 மீட்டர். அதுவும் போதாது, ஆனால் ஃபீல்டிங் அமைப்பைப் பார்க்க அதுதான் மேல். டிக்கெட்டில் அச்சிட்ட தடைப்பட்டியலை முதலில் படியுங்கள், வாசலில் வாங்கி வைக்கப்பட்ட பொருள் திரும்பக் கிடைக்குமென்று நம்பிப் போகாதீர்கள். உள்ளரங்கக் கபடிக்கு பைனாகுலரே வேண்டாம்.

மும்பை மழையில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிப்பதுதான் பெரிய எதிரி. தோல் உறையிலோ துணி உறையிலோ மாதக்கணக்கில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் நீல சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் மெல்லிய தீயில் சூடாக்கி, நீலம் திரும்பியதும் ஆறவைத்து மறுபடி போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.