சிம் மாற்றப் போய் 3,640 வெள்ளி கடன்! ஐசியையும் கைபேசியையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்

போலீஸ் ரிப்போர்ட் கொடுத்துவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். மலேசியாவின் பேரா மாநிலத்தில் ஒரு தோட்டத்து டவுன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் கைபேசி விற்கிற, டாப்-அப் போடுகிற சின்னக் கடை. பெயர் போடவில்லை.

அம்மாவின் சிம் பழுது. அதே எண்ணில் புது சிம் வேண்டும். அதற்கு ஐசி (அடையாள அட்டை) கேட்பது நியாயம்தான். தொலைத்தொடர்பு நிறுவனத்தின் செயலியில் ஒருமுறை ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது. கடைப் பையன் என்ன செய்தான் தெரியுமா? "வெயில்ல வந்திருக்கீங்க, உட்காருங்கம்மா, எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று ஒரு ஐஸ் மைலோ வாங்கிக் கொடுத்தான். தமிழ்ப் பையன், மரியாதையாகப் பேசுகிறான் என்று அம்மாவும் ஐசி, பூட்டு திறந்த கைபேசி இரண்டையும் நீட்டிவிட்டார். அந்த மைலோவின் விலை 3,640 வெள்ளி.

ஐசியின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் தன் சொந்தக் கைபேசியில் படம் எடுத்தான். பிறகு அம்மாவின் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்க, தலையை இடது பக்கம் திருப்புங்க" என்றான். சிம்முக்கு என்று அம்மா நினைத்தார். அது 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' தவணைக் கணக்குக்கான முகச் சோதனை. ஓடிபி வந்ததும் அவன் கையில் இருந்த அதே கைபேசிக்குத்தான். சிம் உயிர் பெற்றது காலை 11.05. கடன் விண்ணப்பம் 11.20. ஆறு வாரம் கழித்துத் தவணை பாக்கி என்று அழைப்பு வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது.

கடை முதலாளியிடம் போனேன். "அந்தப் பையன் வேலைய விட்டுப் போயிட்டான்ணே, எனக்கு ஒன்னும் தெரியாது." தவணை நிறுவனத்தைக் கூப்பிட்டேன். "முகம் ஒத்துப்போகிறது, ஓடிபி உங்கள் எண்ணுக்குத்தான் போனது." சரி, பொருள் எந்த முகவரிக்குப் போனது என்று கேட்டால், தனிநபர் தரவுப் பாதுகாப்பாம், சொல்ல முடியாதாம்! புகார் பாரத்தில் மறுபடியும் ஐசி இரண்டு பக்கப் படமும் செல்ஃபியும் கேட்கிறார்கள். 3,640 வெள்ளியைத் தின்ற அதே மூன்று படங்கள்.

2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. நம் பெயரில் வைத்திருக்கும் தரவை எழுத்து மூலம் கேட்டால் 21 நாளில் பதில் தர வேண்டும். வாயால் கேட்டால் மழுப்புவார்கள். எழுதிக் கேளுங்கள்.

ஐசி எண்ணை நாம் சாதாரணமாக நினைக்கிறோம். முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த மாநிலம், பேராவுக்கு 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆக, பிறந்த நாளும் ஊரும் தெரிந்தவனுக்கு 12இல் 8 கிடைத்துவிட்டது. மிச்சம் நான்குதான் ரகசியம். கவுண்டரில் சத்தமாகக் கேட்பதும் அந்தக் "கடைசி நாலு நம்பர்"தான்! அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டு, உறுப்பினர் அட்டை, காவல் சாவடி நோட்டு என்று எழுதித் தள்ளுகிறோம். 2017இல் நாட்டில் 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைபேசி எண்களின் விவரம் கசிந்தது வெளிவந்தது. கடவுச்சொல் என்றால் மாற்றிவிடலாம். ஐசி எண்ணை மாற்ற முடியுமா?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ஐசி நகல் கொடுத்தால் குறுக்கே "சிம் பதிவுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள், முகத்தையும் எண்ணையும் கோடு தொட்டுப் போகட்டும். கைபேசியைக் கையை விட்டுத் தராதீர்கள். தலையைத் திருப்பச் சொன்னால் திரையை முதலில் பாருங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கை (நம் பெயரில் உள்ள கடன்களின் பட்டியல்) இலவசம், வீட்டுப் பெரியவர்கள் பெயரில் எடுத்துப் பாருங்கள். ஆனால் வங்கி அல்லாத தவணை நிறுவனக் கடன் அதில் தெரியாமலும் போகலாம், அதனால் தெரியாத தவணை எஸ்எம்எஸ் வந்தால் அழிக்காதீர்கள். வங்கிக் கணக்கிலிருந்தே பணம் போயிருந்தால் உடனே மோசடிப் புகார் எண் 997க்கு அழையுங்கள். ரிப்போர்ட் எல்லாம் பிறகு.

3,640 வெள்ளி இன்னும் அம்மா பெயரில்தான் நிற்கிறது. அடுத்த தவணை 5ஆம் தேதி.