அப்பாவின் ஆம்புக்கு ஒரு ஸ்ட்ரீமர்: வீம் புரோ பிளஸ்

எங்கள் வீட்டு ஆம்ப், அதாவது ஸ்பீக்கர்களை இயக்கும் பெருக்கி, நேட் நிறுவனத்தின் 3020. மாமா சிங்கப்பூரிலிருந்து அப்பாவுக்குக் கொண்டுவந்தது. சேனலுக்கு 20 வாட்தான், எங்கள் ஹாலுக்கு அது தாராளம். சிடி பிளேயர் போன வருடம் தட்டைச் சுழற்றுவதையே நிறுத்திவிட்டது. பழுது பார்க்க ஆள் கிடைக்காமல், இணையத்திலிருந்தோ வீட்டு நெட்வொர்க்கிலிருந்தோ பாட்டை எடுத்து ஆம்புக்கு அனுப்பும் ஸ்ட்ரீமர் பெட்டி தேட ஆரம்பித்தேன்.

ஒரு கடையில் ஒன்றரை லட்ச ரூபாய்ப் பெட்டியைக் காட்டி, "இதுக்குக் கீழ போகாதீங்க சார்" என்றார்கள். என்னிடம் என்ன ஆம்ப் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆம்பில் ஆப்டிகல் என்ற டிஜிட்டல் உள்ளீடு இருந்தால் டிஜிட்டலை ஒலியாக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும், விலை குறைந்த ஸ்ட்ரீமரே போதும். 3020 வந்தது 1978-ல். அதில் அனலாக் உள்ளீடு மட்டும்தான். அதனால் எனக்கு ஸ்ட்ரீமருக்குள்ளேயே நல்ல டாக், அதாவது டிஜிட்டலை ஒலியாக்கும் பகுதி, வேண்டும். நான் பார்த்துவைத்த வீம் நிறுவனத்து ஸ்ட்ரீமர்கள் இரண்டு. புரோவுக்கும் புரோ பிளஸ்ஸுக்கும் பெரிய வித்தியாசமே அதுதான். பிளஸ்ஸில் ஜப்பானின் ஏகேஎம் நிறுவனத்து ஏகே4493 சிப். அமெரிக்காவில் 149 டாலர், 219 டாலர் என்று விலை வைத்து வந்தவை. பிளஸ் வாங்கினேன்.

முதல் நாள் நாகஸ்வரம் போட்டேன். வால்யூமைத் தொட்டுத் திருப்பியதுமே ஹால் அதிர்ந்தது. குறைத்தால் இடது ஸ்பீக்கர் தேய்ந்து, தவில் முழுக்க வலது பக்கம் ஒதுங்கிவிட்டது. ஆம்பின் பழைய வால்யூம் குமிழ், சத்தத்தை மிகவும் குறைத்து வைக்கும்போது இரண்டு சேனலையும் ஒரே அளவில் விடாது. ஸ்ட்ரீமர் அனுப்புவது 2 வோல்ட் வரை. அந்தக் கால ஆம்புக்கு அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே முழுச் சத்தம். ஃபோனிலுள்ள வீம் செயலியில் துழாவியபோது, ஆம்புக்குப் போகும் லைன் அவுட் அளவை 500 மில்லிவோல்ட் வரை குறைக்கும் வசதி கிடைத்தது. மாற்றினேன். குமிழ் பத்து மணி நிலைக்கு வந்தது, தவில் நடுவில் வந்து உட்கார்ந்தது. பழைய ஆம்ப் வைத்திருப்பவர்கள் வாங்கிய அன்றே செய்யவேண்டிய வேலை இது.

அடுத்தது ராகம் தானம் பல்லவி. தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் சிடியில் டிராக் மாறும். நடுவே அரை நொடி மௌனம் விழுந்தாலும் எனக்குக் கச்சேரியே அறுந்த மாதிரி. அப்பாவின் சிடிக்களை எல்லாம் தரம் குறையாத ஃபிளாக் கோப்புகளாக்கிப் பழைய லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். அதில் வீட்டுக்குள் பாட்டை அனுப்பும் லிரியான் மியூசிக் சர்வர் என்ற மென்பொருள் ஓடுகிறது, வீம் அதோடு நேராகப் பேசுகிறது. தம்புரா ஸ்ருதி ஓர் இழைகூட அறுபடாமல் அடுத்த டிராக்குக்குப் போகிறது. இதற்காகவே கொடுத்த காசு தகும்.

குறைகளும் உண்டு. ஹார்ட் டிஸ்க்கை நேராகச் செருக இதில் வழியில்லை. பின்னாலிருக்கும் யூஎஸ்பி-சி மின்சாரத்துக்கு மட்டும்தான். சொந்தப் பாட்டுக் கோப்புகளைக் கேட்க நினைத்து, வீட்டில் சர்வர் வைக்க மனமில்லாதவர்கள் இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். அட்டைப்பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கும் டைடல், கோபஸ் என்ற இணையப் பாட்டுச் சேவைகள் நான் வாங்கியபோது இந்தியாவில் அதிகாரப்பூர்வமாகக் கிடையாது. ஸ்பாட்டிஃபை கனெக்ட் நன்றாக வேலை செய்கிறது. பாட்டைப் பெட்டியே இணையத்திலிருந்து இழுத்துக்கொள்வதால், ஃபோனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாலும் வீட்டில் பாட்டு நிற்காது.

எங்கள் வீட்டில் ரவுட்டருக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவே இரும்பு பீரோ. முதல் வாரம் வைஃபை திணறியது. சுவரோரமாக லேன் கேபிள் இழுத்த பிறகு ஒரு நாளும் நின்றதில்லை.

திரை இல்லாத பெட்டியை அம்மா எப்படிப் பயன்படுத்துவார் என்பதுதான் என் பெரிய கவலையாக இருந்தது. பிளஸ்ஸோடு ரிமோட் தருகிறார்கள். அதில் 1-ஐ அழுத்தினால் அம்மாவின் காலைப் பாட்டுப் பட்டியல் என்று அமைத்துக் கொடுத்தேன். இப்போது நான் எழுந்திருக்கும் முன்பே, ஐந்தரை மணிக்கெல்லாம், 3020-ன் பவர் பொத்தான் 'டொக்' என்று விழும் சத்தம் கேட்கிறது.