ஓடைப் பூச்சி பார்க்கும் செட்: டப்பாவுக்கு முழு மார்க், வலைக்குப் பாதிதான்

கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஓடைக்குக் கூட்டிப்போகலாம் என்று வாங்கிய செட் இது. நீட்டி மடக்கும் கம்பியோடு ஒரு வலை, மூடியிலேயே லென்ஸ் வைத்த ஒரு டப்பா, பூச்சிப் படங்கள் அச்சடித்த ஓர் அட்டை. நாலு முறை போய்வந்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் குறை. கம்பியைத் திருகி இறுக்கும் இடம் ஈரம் பட்டால் வழுக்குகிறது. இரண்டாம் நாளே வலை தனியாகக் கழன்று தண்ணீரோடு போனது. முழங்கால் வரை நனைந்து துரத்திப் பிடித்தேன். பையன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். வலைக்கண்ணும் பெரிது, பொடிப் பூச்சிகள் நழுவிவிடுகின்றன. சும்மா துழாவினால் ஒன்றும் சிக்காது. வலையின் வாய் நீரோட்டத்தைப் பார்க்கும்படி தரையோடு ஒட்டி நிறுத்தி, அதற்குச் சற்று முன்னால், தண்ணீர் வரும் பக்கத்தில் காலால் கற்களைக் கிளறினால், அடியில் ஒளிந்திருப்பவை வலைக்குள் வந்து விழும். இதை அந்த அட்டையில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

டப்பாதான் விஷயம். முதல் நாள் மகள் ஏதோ குச்சித் துண்டு என்று தூக்கி எறியப் போனாள். சரி, இருக்கட்டும் என்று தண்ணீரோடு டப்பாவில் போட்டோம். கொஞ்ச நேரம் அசைவில்லை. அப்புறம் ஒரு முனையிலிருந்து தலை எட்டிப்பார்த்தது, பின்னாலேயே ஆறு கால்கள். கேடிஸ் ஈ என்ற, அந்துப்பூச்சி மாதிரியான பூச்சியின் புழு! தன் வாயில் சுரக்கும் பட்டிழையால் மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டி, அதையும் இழுத்துக்கொண்டே திரியும். லென்ஸ் வழியாக ஒவ்வொரு மணலும் ஒட்டியிருந்த விதம் தெரிந்தது. அன்றிலிருந்து எந்தக் குச்சியையும் அவள் நம்புவதில்லை.

மேஃபிளை என்ற மெல்லிய சிறகுப் பூச்சியின் இளம்பூச்சி வயிற்றின் இருபுறமும் செவுள்களைப் படபடவென்று அடித்துக்கொள்வதையும் இதில்தான் பார்த்தோம். தட்டானின் இளம்பூச்சி மட்டும் ரவுடி. மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென நீட்டி இரையைக் கவ்விவிடும். அதையும் தலைப்பிரட்டையையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். நாங்கள் போட்டோம்.

செட்டில் வெள்ளைத் தட்டு இல்லை; வலையில் வந்ததைக் கொட்டிப் பார்க்க அது கட்டாயம் வேண்டும். வீட்டிலிருந்து பழைய தட்டு ஒன்றை எடுத்துப்போனோம். வெயிலில் வைத்தால் தண்ணீர் சீக்கிரம் சூடாகி ஆக்சிஜன் குறைந்துவிடும், அதனால் நிழலில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

டப்பாவை மட்டும் தனியாக விற்றால் இன்னொன்று வாங்குவேன். இருப்பது ஒன்று, பிள்ளைகள் இரண்டு.